பனிக்கடலில் வழி காண்டல்

சங்கரன்கோவில் கடலைக் காணாத ஊர். தென்துருவக் கடலில் உறையும் பனிக்கும் அவ்வூர்க்கும் எத்தொடர்பும் இல்லை என்றே தோன்றும். ஆயினும் அப்பனியிடையே கப்பல் செலுத்தும் கலையில் இன்று எழுந்துள்ள ஒரு வினாவை விளங்கிக்கொள்ள, அவ்வூர்ப் பூச்சந்தையே நல்ல இடமாகும்.

பூ வாணிகர் மல்லிகை அரும்பை ஒருமுறை நோக்கியே, இது மாலைவரை தாங்கும், இது தாங்காது என்று கூறிவிடுவர். அதற்கு விதி யாது என வினவினால் அவரால் விளக்க இயலாது. பல்லாயிரம் கூடைகளைப் பார்த்துப் பார்த்துப் பெற்ற அறிவு அது. இயந்திரக் கற்றல் என இக்காலத்தார் வழங்கும் முறையும் ஏறத்தாழ இத்தகையதே. விதிகளை எழுதித் தராமல், விடை குறித்த படங்களை ஆயிரக்கணக்கில் கணிப்பொறிக்குக் காட்டுவர். வேறுபாட்டை அது தானே கற்றுக்கொள்ளும்.

இக்கல்வி பனிக்கடலில் எதற்கு வேண்டும்? இந்தியாவின் முதற் பயணக்குழு, காசிம் அவர்கள் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரியில் அண்டார்க்டிகாவை அடைந்தது. இன்று மைத்ரி, பாரதி என்னும் இரு நிலையங்களில் நம்மவர் ஆண்டு முழுதும் தங்கி ஆய்வு செய்கின்றனர். அவர்களுக்கு வேண்டிய எரிபொருள் முதலிய பெருஞ்சரக்குகளைக் கோடையில் செல்லும் கப்பலே சுமந்து செல்கிறது. அக்கப்பல் தடைப்பட்டால், அடுத்த நீண்ட இரவை அவர்கள் எவ்வாறு கழிப்பர்?

கடல்நீர் ஏறத்தாழ −1.8 பாகை செல்சியசில் உறைகிறது. குளிர்கால முடிவில் தென்துருவக் கடற்பனி இந்தியாவின் பரப்பைப் போல் ஐந்து மடங்கினும் மிகுதியாகப் பரவும். கோடையிலோ பெரும்பகுதி உருகி, எஞ்சியது காற்றின் போக்கில் அலையும். 2013 டிசம்பரில் ருஷியக் கப்பலாகிய அகாதமிக் ஷோகால்ஸ்கி அவ்வாறு காற்று தள்ளிவந்த பனியிடைச் சிக்கியது. அதிலிருந்த 52 பேரைத் தன் ஹெலிகாப்டரால் மீட்ட சீனப் பனியுடைப்புக் கப்பலும் பின்னர்ச் சில நாள் அப்பனியிலேயே சிறைப்பட்டது!

மேகமும் இருளும் சூழ்ந்த அக்கடலைச் சாதாரண ஒளிப்படக் கருவி காண இயலாது. ரேடார் தாங்கிய செயற்கைக்கோள் தானே நுண்ணலைகளை அனுப்பி, அவை திரும்பும் வலிமையைக் கொண்டு படம் வரைகிறது. 2025 ஜூலை 30-இல் ஏவப்பட்ட நிசார் இவ்வகையினது. அகமதாபாதிலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு நம் பயணக்குழுவினர்க்குக் கடற்பனிக் குறிப்புகளை வழங்கி வருகிறது. ஆனால், காற்றால் கொந்தளிக்கும் நீரும் ரேடார்ப் படத்தில் பனியைப் போலவே வெண்மையாகத் தோன்றும். பயின்ற கண்ணுக்கும் ஐயம் எழும் இடம் இதுவே. நூற்றுக்கணக்கான படங்களை விரைந்து ஆராய்ந்து உதவ இங்கே கணிப்பொறி வருகிறது.

அவ்வுதவியை வேண்டாம் என்பது பேதைமை. எனினும் கப்பலையே அதனிடம் ஒப்படைக்கலாம் என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. பிரிட்டன் நாட்டு ஆய்வாளர் 2021-இல் வெளியிட்ட ஐஸ்நெட் என்னும் முறை, வடதுருவக் கடற்பனியை ஆறு மாதம் முன்னரே கணிக்க வல்லது. ஆனால் அது கூறுவது 25 கிலோமீட்டர்ச் சதுரம் ஒவ்வொன்றுக்கும் உரிய மாத நிலையையே. பயணத் திட்டம் வகுக்க அது மிக நன்று. இரு பனிப்பாளங்களுக்கிடையே சுக்கானைத் திருப்ப அது உதவாது. படம் எடுத்த நேரத்துக்கும் அது மாலுமியின் கையை அடையும் நேரத்துக்கும் இடையே காற்று திசை மாறியிருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. சங்கரன்கோவில் மல்லிகையையே பார்த்துப் பழகியவர் வேற்றூர்ச் சந்தையில் சற்றுத் தடுமாறுவர் அன்றோ? கிரீன்லாந்து, கனடாக் கடல்களின் படங்களைக் கற்ற கணிப்பொறியும் தென்துருவத்தில் அவ்வாறே தடுமாறக்கூடும். ஆகவே நம் கப்பல் செல்லுந்தோறும், மேல்தளத்திலிருந்து கண்ணால் கண்ட பனியின் அளவையும் தன்மையையும், இடத்தோடும் நேரத்தோடும் ஒருவர் தவறாது எழுதிவைத்தல் வேண்டும். செயற்கைக்கோள் எடுத்த படத்துக்கு உரிய விடை அக்குறிப்பேட்டில்தான் இருக்கும். அவ்விடையின்றிக் கணிப்பொறி எதனைக் கற்கும்? கோடி கோடியாய்ச் செலவிட்டுக் கோள்களை ஏவும் நாடு, இச்சிறு செலவைப் பெரிதென எண்ணலாகாது.