மாடி யாருக்கு?

போன மே மாதம் லீவில் கும்பகோணம் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். தாத்தா காலத்து ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம். கழிவறை கொல்லைக் கடைசியில். அம்மாவுக்கு 78 வயது. ராத்திரி ஒரு மணிக்கு டார்ச்சும் கையுமாக மூன்று படி இறங்கிப் போகிறாள்.

அதே வீட்டில் உட்கார்ந்து அண்ணனும் நானும் போட்ட திட்டம் என்ன தெரியுமா? முற்றத்தை மூடி, ஓட்டைப் பிரித்து, மாடியில் ஏசியோடு இரண்டு ரூம்! வருஷத்தில் பத்து நாள் வந்து போகும் எங்களுக்கு. முட்டி தேய்ந்த அம்மா மாடி ஏறப்போவதே இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெளியூரில் இருக்கும் நம்மில் இரண்டு கட்சி. 'பாரம்பரியம், ஒரு செங்கல்லைத் தொடாதே' என்பது ஒன்று. நாக்பூரில் இரண்டு பாத்ரூம் ஃப்ளாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சுலபம். 'இடி, கான்கிரீட் போடு' என்பது இன்னொன்று. அங்கே தினமும் வாழ்கிறவரின் ஞாபகம் இரண்டுக்கும் கிடையாது.

அந்தச் சுவர்கள் ஓட்டுக் கூரையைச் சுமக்கக் கட்டியவை, மாடியைச் சுமக்க அல்ல. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பெயரும். முற்றத்தை மூடினால் வெளிச்சமும் போச்சு, சூடான காற்று மேலேறும் வழியும் போச்சு. அப்புறம் ஏசி இல்லாமல் முடியுமா?

அப்படியென்றால் சேர்த்துக் கட்டவே கூடாதா? கட்டியே ஆகவேண்டும் ஐயா! கூடத்துக்குப் பின்னால், அதே தரைமட்டத்தில், படியில்லாமல், ஒரு ரூமும் பாத்ரூமும். வழுக்காத தரை, வெஸ்டர்ன் கமோடு, சுவரில் கைப்பிடி. அஸ்திவாரம் தனியாக இருக்கட்டும். பழைய சுவரோடு ஒட்டிக் கட்டாமல் சின்ன இடைவெளி விட்டு, மழை இறங்காமல் மேலே தகடு போடுங்கள். புதுசு கொஞ்சம் இறங்கினாலும் பழைய சுவர் விரிசல் விடாது.

பணமா? இதற்கும் வங்கிகள் கடன் தருகின்றன. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன்: பாகம் பிரியாத வீடென்றால் பங்குள்ள எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். மகள்களுக்கும் பிறப்பிலேயே சம உரிமை என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தை 2005-லேயே திருத்தியாகிவிட்டது. நாங்கள் அக்காவைக் கேட்கவே இல்லை. கடைசியில் போன் செய்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அம்மாவுக்கு பாத்ரூம் எங்கேடா?"

திட்டம் மாறியது அப்போதுதான்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனால், ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து யார் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். பிளான் அப்புறம் போடலாம்.