பட்டறைக்கு எட்டாத படைத்துறைப் பணம்

2023ஆம் ஆண்டு செப்தம்பர்த் திங்களில் கூடங்குளம் கடலோரத்தில் ஒரு நேர்ச்சி. உருசியாவிலிருந்து வந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிய பேரெடை கொண்ட நீராவியாக்கிகள் இரண்டை ஏற்றிவந்த மிதவை, இழுவைக் கயிறு அறுந்து, கரைக்கு மிக அண்மையிலேயே பாறையில் தட்டி நின்றது. ஐந்தாம், ஆறாம் உலைகளுக்கென வந்தவை அவை. கடல் பல கடந்து வந்த வழங்கல் தொடர், கண்ணுக்கெட்டிய தொலைவில் ஒரு கயிற்றிலே அறுந்தது. நீராவியாக்கிகளைப் பின்னர் மீட்டுவிட்டனர். ஆனால், நெல்லை மண்ணில் நிற்கும் பெருந்தொழிலுக்கு வேண்டும் உறுப்புகளை நெல்லை மக்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் நிலையை எவர் மீட்பது?

கூடங்குளம் மின்னாக்கும் நிலையமே, படைத்துறையைச் சார்ந்ததன்று. ஆயினும் அதனைச் சுற்றியுள்ள நிலப்பரப்பைத் தமிழர் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1988இல் தில்லியும் மாசுக்கோவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அணு உலைகள் இங்கே வந்தன. 1990இல் விசயநாராயணத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி விடுக்கும் கடற்படை நிலையம் கட்டபொம்மன் பெயரிலேயே தொடங்கப்பெற்றது. மகேந்திரகிரியில் ஏவுகலங்களின் உந்துபொறிகள் ஆய்வு செய்யப்படுகின்றன. 2024 பிப்பிரவரியில் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அணு, கடல், விண் ஆகிய மூன்றுக்கும் நிலம் தந்தது இத்தென்கோடி. மண் சுமக்கும் வேலையும் வாயிற்காவலும் இங்குள்ளார்க்குக் கிடைத்தன. கருவியை எண்ணி வடிவமைக்கும் வேலை கிடைத்ததா?

அவ்வேலை சிறுதொழிலாளர்க்கும் கிடைக்கவேண்டும் என்று நடுவண் அரசே சொல்லாமலில்லை. 2018 ஏப்பிரலில், சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த படைக்கலக் கண்காட்சியில்தான் 'ஐடெக்சு' என்னும் புத்தாக்கத் திட்டத்தைத் தலைமை அமைச்சர் தொடங்கிவைத்தார். முப்படைகளும் தமக்குற்ற சிக்கல்களை அறைகூவல்களாக வெளியிடும். தீர்வு காணவல்ல சிறுநிறுவனத்துக்கு 1.5 கோடி உருபா வரை நல்கை கிடைக்கும். 2021-22 முதல் ஐந்தாண்டுகளுக்கு 498.78 கோடி உருபா இதற்கென ஒப்பளிக்கப்பட்டது. படைத்துறை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்ப வளர்ச்சி நிதியில் ஒரு முயற்சிக்கு 10 கோடி என்றிருந்த வரம்பு 2022இல் 50 கோடியாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில், படைத்துறை ஆராய்ச்சிப் பணத்தில் 25 விழுக்காடு தொழிலகங்களுக்கும் புதுமுயற்சியாளர்க்கும் கல்விக்கூடங்களுக்கும் திறந்துவிடப்படும் என அறிவிக்கப்பட்டது.

நோக்கம் நன்று. பிறர் தந்த வரைபடத்தைப் பார்த்து ஓர் உறுப்பைக் கடைந்து கொடுப்பவன் எண்ணிக்கைக்குக் கூலி பெறுகிறான். அடுத்த ஆண்டு வேறொருவன் குறைந்த கூலிக்கு வந்தால் அவன் பொறி உறங்கும். அவனே ஓர் அடைப்பிதழையோ இறுக்கியையோ வடிவமைத்து, செய்து, ஆய்ந்து, சான்று பெற்றுவிட்டால் அறிவு அவனுடையதாகிறது. கூலிப் பட்டறையை அறிவுப் பட்டறையாக்குவதே ஆராய்ச்சி நல்கையின் பயன். அப்பயன் பொருநைக் கரையை எட்டாதவாறு மூன்று தடைகள் நிற்கின்றன.

முதல் தடை இடம். 2019 சனவரியில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பெற்ற தமிழ்நாட்டுப் படைத்தொழில் பெருவழிக்குச் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி என ஐந்து முனைகள் குறிக்கப்பட்டன. திருச்சிக்குத் தெற்கே ஒன்றுமில்லை. கோவையில் கோடிசியா என்னும் சிறுதொழில் அமைப்பு முயன்று ஒரு படைத்துறைப் புத்தாக்க நடுவத்தைப் பெற்றது, அம்முயற்சி போற்றத்தக்கது. நெல்லையில் பேட்டைத் தொழிற்பேட்டை இருக்கிறது. 1981இல் தோன்றிய அரசு பொறியியற் கல்லூரி இருக்கிறது. கங்கைகொண்டானில் தொழில் வளாகம் இருக்கிறது. இவற்றை ஒன்றாய்ப் பிணிக்கும் நடுவந்தான் வேண்டும்.

இரண்டாம் தடை பணம். ஐடெக்சு நல்கையைப் பெறுவோர் தம் பங்காகவும் பணம் இடுதல் வேண்டும். நல்கையும் வேலை முடிய முடியத் தவணைதோறும் வரும். கையில் முதலுள்ளவனுக்கு இது முறையே. இரண்டு கடைசல் பொறிகளை வைத்துக்கொண்டு வங்கிக் கடனுக்கு வட்டி கட்டுபவன் என் செய்வான்? அமெரிக்காவில் 1982இல் இயற்றிய சிறுதொழில் புத்தாக்கச் சட்டம் இதற்கொரு வழி கண்டது. வெளியாரைக் கொண்டு பெருமளவில் ஆராய்ச்சி செய்விக்கும் அரசுத் துறைகள் அப்பணத்தில் ஒரு பங்கைச் சிறுநிறுவனங்களுக்கென ஒதுக்கியே ஆதல்வேண்டும் என்றது. முதற்படியில் கருத்து கைகூடுமா என்று பார்க்கச் சிறுதொகை, கைகூடின் மாதிரி செய்ய இரண்டாம் படியில் பெருந்தொகை, அதன்பின் விற்பனை. முதற்படியில் சிறுதொழிலாளன் தன் பணத்தை இடவேண்டுவதில்லை. தோற்றாலும் அவன் தெருவில் நிற்பதில்லை.

மூன்றாம் தடையே பெருந்தடை, அது மொழி. அறைகூவல்கள் ஆங்கிலத்தில் வெளிவருகின்றன. வேண்டுகையும் கணக்கும் அறிக்கையும் ஆங்கிலத்தில் கேட்கப்படுகின்றன. 2024இல் தொடங்கிய, 25 கோடி வரை நல்கும் திட்டத்துக்கு 'அதிதி' என்று பெயர். பெயர் வடமொழி, படிவம் ஆங்கிலம், வரிப்பணம் மட்டும் தமிழனுடையது! தொழிற்பயிற்சி நிலையத்தில் தமிழில் தொழில் கற்று, முப்பது ஆண்டு இரும்போடு பழகி, மயிரிழை வேறுபாட்டையும் விரல்நுனியால் உணரும் பட்டறைக்காரன், படைக்கப்பலில் எந்த மூட்டு ஒழுகுகிறது என்று அறியும் முன்பே விலக்கப்படுகிறான். அவனுக்கு அறிவில்லை என்பதன்று கரணியம். அவனிடம் கேட்கவில்லை என்பதே.

நுண்பொறியியலைத் தமிழில் சொல்ல இயலுமா என்று சிலர் நகைப்பர். மரை, திருகு, கடைசல், வார்ப்பு, பற்றவைப்பு என்று பட்டறை நாள்தோறும் தமிழில்தான் பேசுகிறது. 2010இலேயே தமிழ்நாட்டில் இயந்திரப் பொறியியற் பட்டப்படிப்பு தமிழ்வழியில் தொடங்கப்பெற்றது. கற்பிக்க இயலும் மொழியில் ஓர் அறைகூவலை அச்சிட இயலாதா?

படைக்கலம் செய்ய ஏன் துடிக்கவேண்டும், அது எவர்மேல் பாயும் என்று வினவுவாரும் உளர். தமிழர்க்கு அவ்வினா எழுவது இயல்பே. ஆயின், கடுவெப்பம் தாங்கும் கலவை மாழையும், உப்புநீர் அரிக்காத குழாயும், ஒழுகாத இறுக்கியும் படைக்கு மட்டும் உரியவையல்ல. மீனவன் படகுக்கும் உழவன் நீரேற்றிக்கும் மருத்துவமனைக் கருவிக்கும் அவையே உதவும். வடிவமைக்கும் திறன் பட்டறையில் வேரூன்றிவிட்டால், அதனை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும் உரிமையும் ஓரளவேனும் பட்டறைக்கு வரும். திறனில்லாதவனுக்கு மறுக்கும் உரிமையும் இல்லை.

பொருநைக் கரையிலுள்ள சிவகளையில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டுப் பழமையுடையது என 2025 சனவரியில் தமிழ்நாட்டரசு வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. அதைக் கேட்டு மார்தட்டினோர் பலர். அவ்விரும்பை உருக்கியவனின் கால்வழியினர் பேட்டைப் பட்டறைகளில் இன்று பிறர் வரைபடத்துக்குக் கூலிக்குக் கடைகின்றனர் என்பதை எண்ணி வருந்தினோர் எத்தனை பேர்? 1906இல் தூத்துக்குடியிலே கப்பல் நிறுவனம் கண்டார் சிதம்பரனார். அயலரசு அதனை நசுக்கியது. இன்றோ அரசே பணம் தருகிறேன் என்கிறது. தரும் வழியைத்தான் அடைத்துவைத்திருக்கிறது.

எனவே வேண்டுவன நான்கு. அறைகூவல்கள் தமிழில் வெளியிடப்பட்டுத் தமிழில் எழுதும் வேண்டுகைகள் ஏற்கப்படல் வேண்டும். முதற்படி நல்கை, பங்குப்பணம் கேளாது தரப்படல் வேண்டும். நெல்லை-தூத்துக்குடிப் பகுதியில் ஆறாவது முனையும், உறுப்புகளை ஆய்ந்து சான்று தரும் ஆய்வுக்கூடமும் அமைதல் வேண்டும். கூடங்குளமும் மகேந்திரகிரியும் வெளியிலிருந்து வாங்கும் உறுப்புகளில் சிறுபட்டறைகள் முயன்று பார்க்கத்தக்கவற்றைப் பட்டியலிட்டு ஆண்டுதோறும் அறிவித்தல் வேண்டும். பட்டறைக்காரர்கள் கோவையாரைப்போல் ஒன்றுகூடுவதும், பேராசிரியர்கள் கல்லூரி வாயிலைக் கடந்து பேட்டைக்கு நடப்பதும் அரசாணைக்குக் காத்திரா.

குலசேகரன்பட்டினத்தின் வழங்கல் தொடர் இனித்தான் பின்னப்பட வேண்டும். அதில் பொருநைக் கரையான் ஒரு கண்ணியாக இடம்பெறாவிடின், அடுத்த மிதவை வரும்போதும் அவன் கரையில்தான் நிற்பான்.