பதக்கம் பத்திரிகைக்கு, சிறை ஸ்னோடனுக்கா?

அமெரிக்க அரசின் கண்காணிப்பை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடனுக்கு மன்னிப்பு கூடாது என்று 'வாஷிங்டன் போஸ்ட்' 2016 செப்டம்பரில் தலையங்கம் தீட்டியது. வேறொரு பத்திரிகை எழுதியிருந்தால் கருத்து வேறுபாடு என்று விட்டிருப்போம். ஆனால் அவர் தந்த ஆவணங்களைக் கொண்டுதான் இந்தப் பத்திரிகை, 2014-இல் பொதுச் சேவைக்கான புலிட்சர் விருதை 'கார்டியன்' அமெரிக்கப் பதிப்போடு பகிர்ந்துகொண்டது.

உள்நாட்டுத் தொலைபேசி விவரங்களை அரசு மொத்தமாக அள்ளியதை ஸ்னோடன் வெளிப்படுத்தியது நல்லதே என்று தலையங்கம் ஒப்புக்கொள்கிறது. 'பிரிஸம்' இணையக் கண்காணிப்பு மட்டும் சட்டப்படியானதாம், அதை அம்பலப்படுத்தியது குற்றமாம். 2013 ஜூன் 6 அன்று பிரிஸம் செய்தியை வெளியிட்டது யார்? இதே போஸ்ட்! ஸ்னோடன் ஆவணங்களை இணையத்தில் கொட்டவில்லை. எதைப் போடுவது, எதை விடுவது என்பதைச் செய்தியாளர்களின் பொறுப்பில் விட்டார். பிரிஸத்தை அச்சிடலாம் என்று தீர்மானித்தது பத்திரிகை. அது தவறென்றால் பதக்கத்தையல்லவா முதலில் திருப்பித் தர வேண்டும்? செய்திப் பிரிவு வேறு, தலையங்கக் குழு வேறு என்பார்கள். விருது வந்த நாளில் இந்தப் பிரிவினை யாருக்கும் நினைவில்லை.

நாடு திரும்பி நடுவர் குழு முன் நிற்கட்டும் என்ற அறிவுரை வேறு. அவர் மீது பாய்ந்திருப்பது 1917-ஆம் ஆண்டின் உளவுச் சட்டம். பொதுநலனுக்காகச் செய்தேன் என்ற வாதத்துக்கு அதில் இடமே இல்லை. இது தெரியாமலா எழுதினார்கள்?

இந்தத் தலையங்கப் பக்கத்தின் பழைய கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2003 பிப்ரவரியில் ஐ.நா.வில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் பேசிய மறுநாளே, ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருப்பதில் ஐயமே இல்லை என்று எழுதிய பக்கம் இது. அந்த ஆயுதம் கடைசிவரை அகப்படவில்லை. அமைச்சரின் பேச்சை ஒரே இரவில் நம்பியவர்கள், ஆவணத்தோடு வந்தவரை மூன்று ஆண்டுகள் கழித்தும் குற்றவாளியாகவே காட்டினார்கள். மறுபுறம், அமெரிக்கர்களின் விவரங்களைத் திரட்டுகிறீர்களா என்று செனட் குழு கேட்டபோது இல்லை என்று சொன்ன உளவுத்துறைத் தலைவர் அப்போதும் பதவியில்தான் இருந்தார்.

வாட்டர்கேட் விவகாரத்தில் தகவல் தந்தவரின் பெயரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்த பத்திரிகை இது என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. தம்மை நம்பி வருபவர்களிடம் பத்திரிகைகள் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு ஏதேனும் ஒரு நெறி வேண்டும். அதற்கு முன் போஸ்ட் இந்தத் தலையங்கத்தைத் திரும்பப் பெறட்டும்.