புல்தரைக்கு எதுக்குங்க சொந்த டிராக்டர்?

போன ஞாயித்துக்கிழமை என் அக்கா மகன் வந்திருந்தான். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. இங்க அக்கா வீட்டுக்குப் பக்கத்துல புதுசா வீடு கட்டியிருக்கான். வீட்டு முன்னாடி 25 சென்ட் சும்மா கிடக்குது. அது பூராவும் புல்தரை போடணும்னு ஆசை. ஆசைப்படறது தப்பில்லீங்க. ஆனா கையில ஒரு விலைப்பட்டியல் கொண்டுவந்து நீட்டுனான் பாருங்க, அதப் பாத்ததும் எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. 20 எச்.பி. மினி டிராக்டர், அதுக்கு ரொட்டவேட்டர், பின்னாடி மாட்டற புல் வெட்டி, மண் நெரவுற பிளேடு, ஒரு டிரெய்லர். அத்தனையும் கடன்ல.

"மாமா, நீங்கதான் டிராக்டர் ஓட்டறவரு. எந்தக் கம்பெனி நல்லாருக்கும்னு மட்டும் சொல்லுங்க"ன்னான்.

"கம்பெனிய அப்புறம் பாக்கலாம் மாப்ள. கடப்பாரைய எடுத்துட்டு வா, முதல்ல மண்ணப் பாக்கலாம்"னேன்.

நான் அப்படிச் சொன்னதுக்குக் காரணம் என் சொந்த அனுபவம். பத்து வருசத்துக்கு முன்னாடி பழைய டிராக்டர் ஒண்ணு வாங்குனப்போ, கூடவே ரொட்டவேட்டரும் வாங்குனேன். வீட்டுக்காரியோட அஞ்சு பவுன அடகு வச்ச காசு. "இது ஒண்ணு இருந்தாப் போதும், வேற கலப்பையே வேண்டாம்"னு வித்தவர் சொன்னார், நானும் நம்பிட்டேன். ஓட்டிப் பாத்தா மண்ணு மாவு மாதிரி ஆச்சு. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பாத்தாங்க. எனக்கும் பெருமைதான். நாலு வருசம் ஒவ்வொரு போகத்துக்கும் அதையே ஓட்டுனேன்.

அஞ்சாவது வருசம் ஐப்பசியில நல்ல மழை. மஞ்சக் காட்டுல தண்ணி இறங்காம நின்னுச்சு. பக்கத்துக் காட்டுல வடிஞ்சிருச்சு, என் காட்டுல வடியல. கிழங்கு அழுகிப் போச்சு. கடப்பாரைய வச்சுக் குத்திப் பாத்தா அரை அடிக்குக் கீழ சிமெண்ட் தரை மாதிரி நிக்குது. ரொட்டவேட்டரோட கத்தி நாலு இஞ்சுலருந்து ஆறு இஞ்சு வரைக்கும்தான் கிளறும். அதுக்குக் கீழ உள்ள மண்ணக் கத்தியே தேச்சுத் தேச்சு இறுக்கிருது. மேல டிராக்டர் எடை வேற. வேளாண்மைப் பொறியியல் துறையில உளிக்கலப்பைய வாடகைக்கு எடுத்து, கோடையில காட்டுக்குக் குறுக்கும் நெடுக்குமா ஒன்றரை அடிக்கு ஒரு கோடு கிழிச்ச பிறகுதான் தண்ணி இறங்குச்சு. ஆனா அந்த அஞ்சு பவுன் திரும்பி வரவேயில்ல.

ரொட்டவேட்டர் கெட்ட கருவின்னு நான் சொல்ல வரல. எந்த மண்ணுக்கு, எப்போ, எத்தனை தடவைன்னு கேக்காம வாங்குனது என் தப்பு. இப்போ மாப்ளயும் அதே தப்பப் பண்ணப் பாக்குறான்.

அவன் இடத்துல குத்திப் பாத்தோம். செம்மண். வீடு கட்டறப்போ லாரி, ஜல்லி, கலவை மிஷின் எல்லாம் ஓடுன இடம், கடப்பாரை நாலு விரக்கடை இறங்கறதுக்குள்ள கை வலிச்சுப் போச்சு. அதோட ஓரம் பூரா கோரை. இதுல எடுத்ததும் ரொட்டவேட்டர் விட்டா என்ன ஆகும்? கோரைக் கிழங்கு மண்ணுக்குள்ள சரம் சரமாக் கோத்திருக்கும். சரத்த அறுத்து விட்டா தூங்கிட்டிருக்கற கிழங்கெல்லாம் முளைச்சுக்கும். அருகும் அப்படித்தான், கணு கணுவா வெட்டுனா ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. இதுல ஒரு வேடிக்கை, லானுக்குப் பெர்முடா புல்லுன்னு காசு குடுத்து வாங்கறாங்களே, அது நம்ம அருகோட சாதிதான். நாங்க காட்டுல இருந்து புடுங்கி எறியறத இவன் விலை குடுத்து நடப் போறான்.

அதனால மாப்ளகிட்ட இப்படித்தான் சொன்னேன். கோடையில, மண்ணு காஞ்சிருக்கறப்போ, அஞ்சு கொத்துக் கலப்பை மாட்டுன பெரிய டிராக்டர ரெண்டு மணி நேரம் வாடகைக்குக் கூப்புடு. ரெண்டு பக்கமும் உழுது போடு. கோரைக் கிழங்கு மேல வந்து வெயில்ல காயட்டும், பதினஞ்சு நாள் விட்டு இன்னொரு உழவு. அப்புறம் மக்குன தொழு உரத்தப் போட்டு ஒரே ஒரு தடவை ரொட்டவேட்டர், அதுவும் மேலாப்புல. மண்ணு ஈரமா இருக்கறப்போ வண்டியவே உள்ள விடாத. ஒரு கை மண்ண எடுத்து உருண்டை புடிச்சுக் கீழ போடு, உதுந்தா ஓட்டலாம், அப்படியே நின்னா ஓட்டக்கூடாது. கடைசியா பிளேடு போட்டு, வீட்டுப் பக்கத்துல இருந்து தண்ணி வெளிய போற மாதிரி லேசா சரிவு குடுத்து நெரவு. அப்புறம் தண்ணி விட்டு, முளைக்கற களைய ஒரு தடவை புடுங்கிட்டுப் புல்ல நடு. நட்ட பிறகு அதுமேல டிராக்டரே ஏறக்கூடாது. காட்டு டயர்ல இருக்கற பல்லு புல்ல வேரோட கிழிச்சிரும், மண்ணையும் திரும்ப இறுக்கிரும்.

"அப்போ புல்லு வெட்டறது எப்படி மாமா?"ன்னான். கணக்குப் போட்டுக் காட்டுனேன். 25 சென்ட்னா சுமார் 10,890 சதுர அடி. டிராக்டர்ல மாட்டற நாலடி வெட்டிக்கு அது இருவது நிமிச வேலை. வாரத்துல இருவது நிமிசத்துக்கு டிராக்டர் கடனா? ஒன்றரை அடி அகலத்துல தள்ளிட்டுப் போற சின்ன மிஷின் வச்சா ரெண்டேகால் கிலோமீட்டர் நடை, திரும்பறதயும் சேத்து ஒரு மணி நேரம். உடம்புக்கும் நல்லது. கத்தி மட்டும் கூர்மையா இருக்கணும். புல்லோட உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே தடவையில வெட்டக்கூடாது, மொட்டையடிச்சா வெயில்ல கருகிரும். நாளடைவுல மண்ணு இறுகுனா நாலு பல்லு முள்ளுக்கரண்டியால குத்தி விட்டாக் காத்தும் தண்ணியும் இறங்கும்.

ரெண்டு மூணு ஏக்கர்ல பள்ளிக்கூட மைதானம், ரிசார்ட்டுன்னு இருக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவங்க புல்தரைக்குன்னு வர்ற அகல டயர் போட்ட சின்ன டிராக்டரும், அதுக்குப் பின்னாடி புல் வெட்டியும் வாங்கறதுல அர்த்தம் இருக்குது. அவங்களுக்கும் ஒண்ணு சொல்லுவேன், சுத்தற ராடுக்கு மேல கவர் இல்லாம ஓட்டாதீங்க. நிமிசத்துக்கு 540 சுத்து சுத்தும். என் தோள்ல கிடந்த துண்ட ஒருதடவை இழுத்துருச்சு. துண்டோட போச்சு, கழுத்துல சுத்தியிருந்தா இன்னிக்கு இத எழுத ஆள் இருந்திருக்காது.

இன்னொண்ணும் அவன் யோசிக்கல. கோடையில ஒரு நாளைக்கு அஞ்சு மில்லிமீட்டர் தண்ணி விட்டாலே 25 சென்ட்டுக்கு 5,000 லிட்டர் ஆகும். அதே போர்லதான் அக்காவோட இருவது தென்னை நிக்குது. இவன் பெங்களூர் போனதுக்கப்புறம் மோட்டார் போடறதும், டிராக்டருக்கு டீசல் ஊத்தறதும், புல்லு வெட்டறதும் யாரு? அறுவது தாண்டுன என் அக்காதான். அதனால அஞ்சு சென்ட் மட்டும் புல்லு போடு, மீதியில மா, கொய்யா, சப்போட்டான்னு வைன்னு சொன்னேன்.

எங்களுக்கு இப்போ இருக்கற பெரிய வியாதி இதுதானுங்க. பக்கத்து வீட்டுல நிக்குதுன்னு வாங்கறோம், மானியம் வருதுன்னு வாங்கறோம். சிறு குறு விவசாயிக்குப் பாதி மானியம் கிடைச்சாலும் மீதிப் பாதி நம்ம காசுதானே. வருசத்துல எத்தனை நாள் அந்தக் கருவி ஓடும்னு விரல் விட்டு எண்ணுங்க. பத்து நாளுக்குக் கீழன்னா வாடகைதான் லாபம். உழவன் செயலியிலயே அரசாங்க டிராக்டர வாடகைக்குப் பதிவு பண்ணலாம்.

மாப்ள எதுவும் பேசாமக் கேட்டுட்டுப் போனான். கொஞ்சம் கோவம்தான் போல. ஆனா நேத்து அக்கா போன் பண்ணி, "டிராக்டர வேண்டாம்னுட்டான், கொய்யாக் கன்னு எங்க கிடைக்கும்னு உன்னக் கேக்கச் சொன்னான்"னாங்க. நாளைக்கு நர்சரிக்குப் போறேனுங்க.

உங்க ஊர்ல யாராவது இப்படி வாங்கி, மரத்தடியில துருப்பிடிக்க விட்டிருக்காங்களா? எழுதுங்க, படிக்கறேன்.