புது நன்மையோடு பூசை முடிந்துவிட்டதா?

புது நன்மை அன்று வெள்ளை உடை, கையில் மெழுகுதிரி, மண்டபத்தில் பிரியாணி, தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர். ஒரு குறையும் வைக்கவில்லை நாம். அடுத்த மாதமே அந்தப் பிள்ளைகளில் பலரைக் கோயிலில் காணோம். கேட்டால், "டியூஷன் இருக்கு, ஃபாதர்."

நீட் வகுப்பென்றால் ஞாயிறு காலை ஐந்தரைக்கே எழுப்பி, ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்து, கொட்டும் மழையிலும் வண்டியில் கொண்டுபோய் விடுகிறோம். ஏழு மணிப் பூசைக்கு மட்டும், "பாவம், தூங்கட்டும்." இது எந்த ஊர் நியாயம்?

அப்பாமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. மறையுரை முடியும்வரை வேப்ப மரத்தடியில் வண்டிமேல் சாய்ந்து போனைத் தடவுகிறீர்கள். நன்மை வாங்க மட்டும் உள்ளே வருகிறீர்கள். வாங்கிய கையோடு பக்க வாசல் வழியே கிளம்பிவிடுகிறீர்கள். பீடத்தில் மணியடிக்கும் உங்கள் மகன் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான். சில சாமியார்களின் மறையுரை நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். அது வேறு சண்டை.

நாம் இப்படித் தட்டிக்கழிக்கும் பூசைக்காக ஏங்கியவர்களும் இருந்தார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் குருக்களைத் துரத்திப் பூசையைத் தடை செய்தார்கள். ஏறக்குறைய 30 ஆண்டு நன்மை வாங்க வழியில்லை. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். சில்லாலை மக்கள் அவரை ஒளித்து வைத்துக் காத்தார்கள். இரவில், வீட்டுக்குள் பூசை. பிடிபட்டால் சிறை, சவுக்கடி. தெரிந்தும் போனார்கள், நம் மொழி பேசிய அந்தத் தாய் தகப்பன்மார். 2015இல் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது பெருமைப்பட்டோமே, அந்த மக்கள் கொடுத்த விலையை நம் பிள்ளைகளுக்குச் சொன்னோமா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் பாட்டிமார் நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்து நன்மை வாங்கினார்கள். 1964 முதல் ஒரு மணி நேர நோன்பு போதும். அதற்குள்ளும் வண்டியில் வரும்போதே பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திணிக்கிறோம்.

நோயாளிகளையும் பச்சைக் குழந்தைக்காரிகளையும் திருச்சபையே கட்டாயப்படுத்துவதில்லை. நானும் அவர்களைச் சொல்லவில்லை. நம்மைத்தான் சொல்கிறேன். டியூஷன் சாரிடம் ஞாயிறு வகுப்பை ஒன்பது மணிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த ஒரு வகுப்பு போகட்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்களும் உள்ளே வந்து உட்காருங்கள்.