மஞ்சள் தலைப்பாகை

மைல் கல்லுக்கும் தலைப்பாகை உண்டு. அதன் நிறத்தைக் கொண்டே அந்தச் சாலைக்கு எஜமானர் யார் என்று சொல்லிவிடலாம். மஞ்சளானால் தேசீய நெடுஞ்சாலை. பச்சையானால் ராஜ்ய நெடுஞ்சாலை.

இந்தப் பாகுபாட்டுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1943-ம் வருஷம் நாகபுரியில் கூடிய தலைமை எஞ்சினீயர்கள், பாரத நாட்டுச் சாலைகளை தேசீயச் சாலை, மாகாணச் சாலை, ஜில்லாச் சாலை, கிராமச் சாலை எனத் தரம் பிரித்துத் திட்டம் வகுத்தார்கள். 1956-ம் வருஷத்துச் சட்டம் தேசீய நெடுஞ்சாலைகளை மத்திய சர்க்காரின் உடைமையாக்கிற்று. 2010-ல் அவற்றுக்குப் புது எண்கள் பிறந்தன. வடக்கு தெற்காகப் போகும் பெருஞ்சாலைக்கு இரட்டைப்படை. கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வருவது 44. அதிலிருந்து திருமங்கலத்தில் பிரிந்து கொல்லம் செல்லும் கிளைக்கு 744. எண்ணைப் பார்த்தே தாய் யார், சேய் யார் என்று அறியலாம்.

உடைமை ஒருவருடையது, மராமத்தோ பலர் கையில். சில சாலைகளை 1988-ம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த தேசீய நெடுஞ்சாலை ஆணையம் கவனிக்கிறது. சிலவற்றை ராஜ்ய இலாகாக்களும், எல்லைப்புறங்களில் சிலவற்றை 1960-ல் தோன்றிய எல்லைச் சாலை நிறுவனமும் பார்த்துக்கொள்கின்றன. சுங்கம் வசூலிக்கும் ஒப்பந்தக் கம்பெனிகளின் பொறுப்பில் உள்ளவையும் உண்டு. நாட்டின் சாலை நீளத்தில் நூற்றுக்குச் சுமார் 2 பங்கே ஆன இவை, போக்குவரத்தில் சுமார் 40 பங்கைச் சுமக்கின்றன.

இத்தனை பாரம் தாங்கும் சாலைக்கு லாரியைக் காட்டிலும் பெரிய சத்துரு தண்ணீர். தாரில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுகிறது. அதன் வழியே மழைநீர் இறங்கி அடிக்கப்பியை இளக்குகிறது. மேலே சக்கரம் ஏறியதும் பள்ளம். அந்தப் பள்ளத்தில் நீர் நிறைந்து நிற்கும் இரவில், மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் உயிர் ஊசலாடுகிறது. வெடிப்பை அன்றே அடைத்து, மழைக்கு முன் மதகையும் ஓரக் கால்வாயையும் துப்புரவு செய்திருந்தால் செலவு சொற்பம். ஆனால் புதுச் சாலைக்கு நாடா வெட்டும் வைபவம் உண்டு. மதகு தூர் வாருவதற்கு மாலையும் இல்லை, மேளமும் இல்லை!

சுங்கச் சாவடியில் பணம் கொடுக்கிறோம். பெட்ரோல் விலையிலும் சாலைக்கென்று ஒரு வரி சேர்ந்தே இருக்கிறது. ஆகவே மராமத்து என்பது சர்க்கார் நமக்குச் செய்யும் தயவு அன்று. நமக்குப் பட்ட கடன். பள்ளத்தைக் கண்டு விதியை நொந்துகொள்வதை விட்டு, மைல் கல்லின் தலைப்பாகையைப் பார்த்து உரியவரைக் கேட்போமாக. புதிதாகப் போடுவது பெருமை. போட்டதைக் காப்பதே பொறுப்பு.