குட்டி யானையைக் கட்டித் தீனி போடுவது



யானை வாங்குவது பெரிசில்லை, அதைக் கட்டித் தீனி போடுவதுதான் பெரிசு என்று ஊரில் சொல்வார்கள். தெருவுக்கு ஒன்று நிற்கிறதே ‘குட்டி யானை’, அதற்கும் இந்தப் பேச்சு அச்சாகப் பொருந்தும்.

2005-ல் டாடா ஏஸ் வந்தது. இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பாதியாக வெட்டியது போல, 702 சி.சி.யில் இரண்டே சிலிண்டர். 16 குதிரைத்திறன், 750 கிலோ பாரம். சீட்டைத் தூக்கினால் இன்ஜின்! 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் 1.25 டன் பாரத்தோடு வந்தது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். லாரி வாங்க முடியாதவர்கள் பலர் இப்படித்தான் வண்டிக்காரர் ஆனார்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

வாங்கிய பிறகு பாங்க் டியூ மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. வண்டிக்குக் கட்ட வேண்டிய டியூ தெரிவதில்லை. ஆயில் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது, ஏர் ஃபில்டர் தட்டுவது எல்லாம் சின்னச் செலவு. பெரிய செலவு ஓவர் லோடில் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து.

அப்பா கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காரட், பீன்ஸ் இறக்குகிறார். 50 கிலோ மூட்டை 15 ஏற்றினால் 750 கிலோ சரி. ஆனால் 25 மூட்டை ஏறும். வண்டியோடு சேர்த்து 1,550 கிலோ இருக்க வேண்டியது 2,050 ஆகிவிடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். ‘அவ்வளவுதானே’ என்று தோன்றும். அங்கேதான் நம் பாடம் உதவுகிறது. மலை இறங்கும்போது, குறிப்பிட்ட கியரில் குறிப்பிட்ட வேகத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்தும் அளவு மாறாது. கூடுதல் எடை தரும் ஆற்றல் அத்தனையும் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். ஆகவே எடை மூன்றில் ஒரு பங்கு கூடினால், பிரேக்கின் வேலை அதைவிட அதிகமாகக் கூடும். பட்டை விஷயமும் அப்படியே. மெஷின் டிசைனில் நாம் வரைந்த எஸ்-என் வளைவை நினைத்துப் பாருங்கள். தகைவு கொஞ்சம் ஏறினால் ஆயுள் பல மடங்கு இறங்கும். மெயின் பட்டை திடீரென்று உடைந்தது என்கிறோமே, அது மாதக்கணக்கில் உடைந்துகொண்டுதான் இருந்தது!

நான் வீட்டில் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். பட்டை, கிளட்ச் பிளேட், டயர், லைனர் என்று கூட்டினால், கூடுதல் மூட்டைக்கு வந்த வாடகையில் பாதிக்கு மேல் பட்டறைக்கே போயிருக்கிறது. இதில் 2019 திருத்தச் சட்டத்தின் அபராதம் சேரவில்லை. மாட்டினால் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000!

அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். “கணக்கு சரிதான்டா. நான் ஏத்தலைன்னா அடுத்த வண்டிக்காரன் ஏத்திட்டுப் போயிருவான். அப்புறம் டியூவை யார் கட்டறது?” என்றார். இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை. ஓட்டுபவரின் பேராசை என்று பேசுகிற மேடைப் பேச்சாளர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். வாடகையைத் தீர்மானிப்பவர் சரக்குக்காரர். ஒரே ஸ்டாண்டில் நிற்பவர்கள் சேர்ந்து ‘இத்தனை மூட்டைதான்’ என்று சொன்னால் ஒழிய இது மாறாது. அப்படிச் சேர்ந்து பேச அவர்கள் கையில் கணக்கு வேண்டும்.

அதை நாம் எழுதிக் கொடுக்கலாமே? நம் யூனியனுக்கு என் வேண்டுகோள் இதுதான். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் நண்பர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்டாண்டுக்குப் போவோம். டயர் காற்று, யு-போல்ட் இறுக்கம், பிரேக் ஆயில், ஃபேன் பெல்ட் பார்த்துக் கொடுத்து, வண்டிக்கு ஒரு நோட்டு என்று செலவைக் குறித்து வைப்போம். எஃப்.சி. எடுக்கும் மாதம்தான் செலவு குவியும், அதற்கு முன்னால் தொடங்கினால் நல்லது. ஒர்க்‌ஷாப் சாரிடம் பிரஷர் கேஜும் டார்க் ரெஞ்சும் கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் வண்டியாக அப்பாவின் வண்டி வரும்.